கொள்ளுத்தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடைத்த சாப்ளின் சுவரொட்டி அசல்தானா? மௌனப்படக் காலத் தாள்களைச் சேகரிக்க விரும்பும் ஒருவருக்கு விரிவான பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்சில் வசிக்கும் ஒரு நண்பர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய கொள்ளுத்தாத்தா கிரே ஸ்ட்ரீட் பக்கத்தில் ஒரு பயாஸ்கோப் கொட்டகையில் வேலை செய்தவர். அவர் வைத்திருந்த தகரப் பெட்டி, தாத்தா, அப்பா என்று கைமாறி இவரிடம் வந்திருக்கிறது. அதில் சாப்ளினின் 'தி கிட்' படத்துச் சுவரொட்டி ஒன்று சுருட்டிய நிலையில் இருக்கிறது. அகலம் 61 செ.மீ., உயரம் 91 செ.மீ., தாள் வழவழப்பாக இருக்கிறது, மடிப்புகள் இல்லை. இது என்ன விலை போகும், இதையே முதலாகக் கொண்டு மௌனப்படக் காலத்து அரிய சுவரொட்டிகளைச் சேகரிக்கத் தொடங்கலாமா என்பது அவர் கேள்வி. கேள்வியின் கடைசி வரியில், பெட்டியின் அடியில் பழைய பயாஸ்கோப் நோட்டீசுகளும் படம் அச்சிட்ட சில அட்டைகளும் கிடப்பதாகவும், இடத்தை அடைப்பதால் அவற்றை எறிந்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

விலையைக் கேட்பதுபோல் தோன்றினாலும், உண்மையில் அவர் கேட்பது வேறு: ஒரு தாள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது மெய்தானா என்பதை எப்படி அறிவது? நான் லித்தோ எனப்படும் கல்லச்சுக் கூடத்தில் தொழில் பழகி, பிறகு பல ஆண்டுகள் ஆவணக் காகிதங்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவன். ஆகவே தாள், மை, அச்சு ஆகியவற்றைப் பற்றி ஓரளவு உறுதியோடு பேச முடியும். விலை மதிப்பிடுவது என் தொழில் அன்று. அதை ஏலக்காரர்களிடம் விட்டுவிடுவதே முறை. ஆனால் கடைசி வரிக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும். அந்த நோட்டீசுகளை எறியாதீர்கள். அந்தப் பெட்டியில் உண்மையிலேயே அரிய பொருள் இருக்குமானால், அது பெரும்பாலும் அவையாகத்தான் இருக்கும்.

சாப்ளின் சுவரொட்டியைப் பொறுத்தவரை, நீங்கள் கொடுத்த அளவே முக்கால் பதிலைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்கப் படங்களின் சுவரொட்டிகள் அக்காலத்தில் சில நிலையான அளவுகளில் மட்டுமே வந்தன. 'ஒன் ஷீட்' எனப்படும் அடிப்படை அளவு 27 அங்குலம் அகலம், 41 அங்குலம் உயரம். அதாவது ஏறத்தாழ 69 செ.மீ., 104 செ.மீ. அதன் மடங்குகளாக 'த்ரீ ஷீட்' 41க்கு 81 அங்குலமும், 'சிக்ஸ் ஷீட்' 81க்கு 81 அங்குலமும் இருந்தன. கனத்த அட்டையில் அச்சிட்டவற்றில் 'விண்டோ கார்டு' 14க்கு 22, 'இன்சர்ட்' 14க்கு 36, 'ஹாஃப் ஷீட்' 22க்கு 28 அங்குலம். திரையரங்கின் முன்கூடத்தில் மாட்டும் 'லாபி கார்டு' 11க்கு 14 அங்குலம். இது வழக்கமாக எட்டு அட்டைகள் கொண்ட தொகுப்பாக வரும். பிரிட்டனின் 'குவாட்' 40 அங்குலம் அகலமும் 30 அங்குலம் உயரமும் கொண்டது. பிரெஞ்சுப் பெரிய சுவரொட்டி 120க்கு 160 செ.மீ. உங்களுடைய 61க்கு 91 செ.மீ. என்பது 24க்கு 36 அங்குலம். அது பிற்காலத்தில் வீட்டுச் சுவரில் ஒட்டி அழகு பார்ப்பதற்காகக் கடைகளில் விற்ற நகல்களின் அளவு. அசல் ஒன்றின் ஓரங்களை யாரோ வெட்டியிருக்கலாம் அல்லவா என்று கேட்கலாம். வெட்டியிருந்தால் ஓரத்துப் படமும் எழுத்தும் பாதியில் அறுந்திருக்க வேண்டும். நாற்புறமும் வெள்ளை ஓரம் சீராக இருந்தால் அந்த வாதம் நிற்காது.

அடுத்த தடயம் மடிப்பு. மௌனப்படக் காலத்தில் மெல்லிய தாளில் அச்சிட்ட சுவரொட்டிகள் மடித்துத்தான் அனுப்பப்பட்டன. ஒன் ஷீட் தாளில் பொதுவாகக் குறுக்கே மூன்று மடிப்புகளும் நெடுக்கே ஒன்றும் இருக்கும். மடிப்புகளே இல்லாமல் சுருட்டிய நிலையில் ஒரு 1921 சுவரொட்டி கிடைப்பது முற்றிலும் நடவாதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐயப்படுவதற்குப் போதுமான காரணம் அது. துணியில் ஒட்டிச் சீர்செய்யப்பட்ட அசல்களிலும் மடிப்பின் தடம் வண்ணத்தில் மெல்லிய கோடாகத் தெரியும். கனத்த அட்டையில் வந்தவற்றுக்கு இந்த விதி பொருந்தாது, ஏனெனில் அவை மடிக்கப்படவில்லை.

சாப்ளின் பெயரைத் தாங்கிய தாள்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அவருடைய படங்கள் திரும்பத் திரும்ப வெளியிடப்பட்டவை. 'தி கிட்' 1921இல் ஃபர்ஸ்ட் நேஷனல் நிறுவனத்தின் வழியாக வந்தது. சாப்ளினே இசை சேர்த்து 1971இல் அதை மறுபடியும் வெளியிட்டார். 1925இல் வந்த 'தி கோல்ட் ரஷ்', அவரே குரல் கொடுத்து விவரிக்கும் வடிவத்தில் 1942இல் மீண்டும் வந்தது. அவருடைய தொடக்ககாலக் குறும்படங்களோ வேறு வேறு நிறுவனங்களால், சில சமயம் வேறு தலைப்புகளிலும், பல முறை சுற்றுக்கு விடப்பட்டன. ஆகையால் ஒரு சாப்ளின் சுவரொட்டி நகலாக இல்லாமல் முறையாக அச்சிட்ட ஒன்றாகவே இருந்தாலும், முதல் வெளியீட்டுக்குரியதா, மறுவெளியீட்டுக்குரியதா என்ற கேள்வி எஞ்சும். அமெரிக்கச் சுவரொட்டிகளில் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் 1920இலேயே தொடங்கப்பட்டாலும், சுவரொட்டி வழங்கும் பொறுப்பை அது ஏற்றது 1940ஐ ஒட்டித்தான். எனவே தாளின் அடியோரத்தில் அந்நிறுவனத்தின் பெயரோ, ஆண்டையும் வரிசை எண்ணையும் சாய்கோட்டால் பிரித்துக் காட்டும் குறியீடோ இருந்தால், அது மௌனப்படக் காலத் தாள் அன்று என்று தயங்காமல் முடிவு செய்யலாம். எண்ணுக்கு முன்னால் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மறுவெளியீடு என்று பொருள். பிரிட்டிஷ் சுவரொட்டிகளில் 'எக்ஸ்' தணிக்கைச் சான்று காணப்பட்டால் அது 1951க்குப் பிந்தியது.

இவையெல்லாம் ஒரு தாளை விலக்குவதற்கு உதவும் சான்றுகள். ஏற்றுக்கொள்வதற்குரிய சான்று அச்சில்தான் இருக்கிறது, நான் மிகவும் நம்புவதும் அதைத்தான். 1910களிலும் 1920களிலும் வந்த பெரிய வண்ணச் சுவரொட்டிகளில் பெரும்பகுதி லித்தோ முறையில் அச்சானவை. தொடக்கத்தில் சுண்ணாம்புக் கல்லிலும், பின்னர் துத்தநாகம், அலுமினியத் தகடுகளிலும், கொழுப்புள்ள கரிக்கோலாலும் மையாலும் ஓவியர் தம் கையாலேயே வரைவார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் அல்லது தகடு. ஒரே தாள் அத்தனை முறையும் இயந்திரத்துக்குள் போய்வர வேண்டும். கிளீவ்லேண்டின் மார்கன், ஓட்டிஸ், நியூயார்க்கின் ரிச்சி, டூக்கர், மைனர் ஆகிய லித்தோ நிறுவனங்களின் பெயர்களை அமெரிக்கத் தாள்களின் அடியோரத்தில் சிறு எழுத்தில் காணலாம். இப்படி அச்சிட்ட தாளைப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், கன்னத்தின் நிழலோ வானத்தின் நீலமோ ஒழுங்கற்ற பொடிப் புள்ளிகளாலும், கரிக்கோல் தேய்ந்த சொரசொரப்பாலும், சில இடங்களில் தூரிகையால் தெளித்த துளிகளாலும் ஆகியிருப்பது தெரியும். இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்று மற்றொன்றின் மேல் மயிரிழை ஏறியிருக்கும். அந்த ஓவியரின் கை நின்ற இடமும் அழுத்திய இடமும் நூறாண்டுக்குப் பிறகும் அப்படியே படிக்கக் கிடைக்கின்றன. இதை முதன்முறை காண்பவர்கள் அதற்குப் பிறகு நகலைப் பார்த்து ஏமாறுவது கடினம்.

நகலோ அசலின் நிழற்படத்திலிருந்து எடுக்கப்படுவது. அதனால் அசலில் கையால் வரைந்திருந்த எல்லாமும் சீரான வரிசைப் புள்ளிகளாக, நான்கு வண்ணங்கள் சிறு பூப்போல் சேர்ந்த அமைப்பாக மாறிவிடும். இதில் ஓர் எச்சரிக்கை தேவை. புள்ளி கண்டவுடன் போலி என்று முடிவு கட்டக் கூடாது, ஏனெனில் 1920களின் சுவரொட்டிகள் சிலவற்றிலும் அட்டைகளிலும் நடிகரின் நிழற்படத்தைப் புள்ளியச்சில் சேர்த்திருக்கிறார்கள். லாபி கார்டுகளில் கிராவூர் எனப்படும் குழியச்சு முறையும், புள்ளியே இல்லாத ஜெலட்டின் தகட்டு முறையும் இருந்தன. கையால் வண்ணம் தீட்டியவையும் உண்டு. ஆகவே படத்தைப் பார்ப்பதைவிட எழுத்துகளைப் பாருங்கள். அசலில் தலைப்பு எழுத்து ஒரே மையால், விளிம்பு கூர்மையாக, நிறைவாக நிரம்பியிருக்கும். நகலில் எழுத்தின் விளிம்பே புள்ளிகளாகக் கரைந்திருக்கும். அச்சக நிறுவனத்தின் பெயர்கூடப் புள்ளிகளால் ஆகியிருக்கும். அச்சகத்தின் பெயர் இருக்கிறது என்பதையே அசலுக்குச் சான்றாகக் காட்டும் விற்பனையாளர்களிடம் இந்த ஒரு சோதனை போதும்.

புற ஊதாக் கைவிளக்கு ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். காகிதத்தை வெண்மையாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் ஏறத்தாழ 1950க்குப் பிறகே தாள் உற்பத்தியில் பரவலாயின. இருட்டில் அந்த விளக்கை அடிக்கும்போது தாள் நீலவெண்மையாகப் பளிச்சிட்டால் அது பழைய தாள் அன்று. மறுதலையாக, பளிச்சிடாததால் மட்டுமே பழையது என்று ஆகிவிடாது. ஒளிர்பொருள் சேர்க்காத தாள்கள் இன்றும் செய்யப்படுகின்றன. பின்புறம் ஒட்டிய புதிய தாளோ துணியோ ஒளிர்வதைக் கண்டு அசலைத் தள்ளிவிடவும் கூடாது. மஞ்சள் நிறமும் பழைய மணமும் சான்றே அல்ல. தேயிலைச் சாறும் வெயிலும் இருந்தால் ஒரு வாரத்தில் அவற்றை யாரும் உண்டாக்கலாம்.

இத்தனை பாடு ஏன் என்றால், அசல்கள் அவ்வளவு குறைவு. சுவரொட்டி என்பது சேமித்து வைப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் அன்று. படம் மாறியதும் பழையதன்மேல் புதியதை ஒட்டினார்கள். மழையில் நனைந்து கூழானது. ஒட்டாமல் எஞ்சியவை படப்பெட்டியோடு விநியோகஸ்தருக்குத் திரும்பி, ஊர் ஊராகச் சுற்றிக் கிழிந்தன. இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் திரட்டும் இயக்கங்களில் டன் கணக்கில் போயின. மரக்கூழால் செய்த மலிவான தாள் என்பதால், தப்பியவையும் தம்முள் இருந்த அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கின. அந்தப் படங்களின் கதியும் இதுதான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912க்கும் 1929க்கும் இடையே அந்நாட்டில் வெளியான ஏறத்தாழ 11,000 மௌன முழுநீளப் படங்களில், மூல வடிவிலேயே முழுமையாக எஞ்சியிருப்பவை 14 விழுக்காடு மட்டுமே. ஆகவே பல படங்களுக்கு அவற்றின் தோற்றம், நடிகரின் முகபாவம் ஆகியவற்றைப் பற்றி நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி ஒரு சுவரொட்டியோ ஓர் அட்டையோதான். 1927இல் வந்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' இன்று காணக் கிடைக்காத படம். அதன் ஒன் ஷீட் ஒன்று 2014இல் அமெரிக்க ஏலத்தில் 4,78,000 டாலருக்குப் போனது. 'மெட்ரோபோலிஸ்' என்ற ஜெர்மன் மௌனப்படத்துக்கு ஹைன்ஸ் ஷுல்ஸ்-நாய்டாம் வரைந்த சுவரொட்டியின் ஒரு படி 2005இல் 6,90,000 டாலருக்கு விற்றது. அதில் நான்கு படிகளே எஞ்சியிருப்பதாக அறியப்படுகிறது. இந்தத் தொகைகள் செய்தித்தாளில் வருபவை. சேகரிக்கத் தொடங்குபவர் அவற்றை மறந்துவிடுவது நல்லது.

இப்போது உங்கள் பெட்டியின் அடிக்கு வருகிறேன். 1909இல் டர்பனில் திறக்கப்பட்ட எலக்ட்ரிக் தியேட்டரே தென்னாப்பிரிக்காவின் முதல் நிரந்தரத் திரையரங்கு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1913இல் ஷ்லெசிங்கர் என்ற தொழிலதிபர் தொடங்கிய ஆப்பிரிக்கன் ஃபிலிம்ஸ் ட்ரஸ்ட் விரைவிலேயே இந்நாட்டின் பட விநியோகத்தைப் பெரும்பாலும் தன் கைக்குள் கொண்டுவந்தது. வெளிநாட்டுச் சுவரொட்டிகளும் அட்டைகளும் படத்தோடு வந்து படத்தோடு திரும்பியவை. அவற்றின் வேறு படிகள் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ எங்கேனும் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் இன்ன கொட்டகையில், இன்ன கிழமையில், இத்தனை மணிக்கு, இவ்வளவு கட்டணத்தில் இந்தப் படம் என்று டர்பன் அச்சகம் ஒன்றில் அச்சடித்து, நம் மக்கள் நடமாடிய தெருக்களில் கையில் கொடுத்த நோட்டீசு வேறெங்கும் இருக்காது. அதைச் சேமிக்க வேண்டும் என்று எந்த அருங்காட்சியகமும் அன்று நினைக்கவில்லை. பிறகு, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950இன் குழுப்பகுதிச் சட்டத்தால் நம் குடும்பங்கள் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பெயர்க்கப்பட்டபோது, தூக்கிக்கொண்டு போக முடியாதவை என்று முதலில் விடப்பட்டவை காகிதங்கள்தாம். அந்தப் பெயர்ப்பைத் தாண்டி ஒரு பெட்டி நோட்டீசு தப்பி வந்திருக்கிறது என்றால், அதைக் காப்பாற்றியவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

அவை உண்மையிலேயே மௌனப்படக் காலத்தவையா என்பதை வீட்டிலிருந்தே ஓரளவு கண்டறியலாம். கட்டணம் ஷில்லிங், பென்ஸ் நாணயக் கணக்கில் இருந்தால் அது 1961 பிப்ரவரிக்கு முந்தியது, ஏனெனில் ராண்ட் நாணயம் வந்தது அப்போதுதான். இது மேல் எல்லையை மட்டுமே தருகிறது. கொட்டகையின் பெயர் அடுத்த வடிகட்டி: டர்பனின் அவலான் திரையரங்கின் பெயர் இருந்தால் அந்த நோட்டீசு பேசும்படக் காலத்தது, ஏனெனில் அது 1939இல்தான் திறக்கப்பட்டது. நோட்டீசுகளில் ஆண்டு போடும் வழக்கம் குறைவு. கிழமையும் தேதியும் மட்டும் இருக்கும். அதுவே போதும். ஓர் எடுத்துக்காட்டு: 'மே 14, சனிக்கிழமை' என்று இருந்தால், 1910, 1921, 1927, 1932 ஆகிய ஆண்டுகளில் அந்தப் பொருத்தம் வருகிறது. விளம்பரத்தில் இருப்பது 1921இல் வெளியான படம் என்றால் 1910 விழுந்துவிடுகிறது. மீதமுள்ள ஆண்டுகளுக்கு அந்த வாரத்து 'நேட்டால் மெர்குரி' நாளிதழின் பயாஸ்கோப் விளம்பரப் பத்தியைப் பார்த்தால், எந்த ஆண்டு என்பது தெளிவாகிவிடும் வாய்ப்பு அதிகம். நம்மவர் நடத்திய 'இண்டியன் ஒப்பீனியன்', 'இண்டியன் வியூஸ்', பி. எஸ். ஐயர் 1908இல் தமிழிலும் ஆங்கிலத்திலுமாகத் தொடங்கிய 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' ஆகிய இதழ்களையும் விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இத்தகைய தேடலை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். கில்லி கேம்பெல் நூலகமும் டர்பனிலேயே இருக்கிறது.

அட்டைகளை அளந்து பாருங்கள். 28 செ.மீ.க்கு 36 செ.மீ. இருந்தால் லாபி கார்டாக இருக்கக்கூடும். அவை எந்தப் படத்தைச் சேர்ந்தவை என்பதை அறிய இணையத்தில் நல்ல வழி இருக்கிறது. 'மூவிங் பிக்சர் வேர்ல்டு' போன்ற அக்காலத் தொழில் இதழ்கள் மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி என்ற தளத்தில் முழுமையாகவும் இலவசமாகவும் கிடைக்கின்றன. அவற்றின் விளம்பரப் பக்கங்களில் சுவரொட்டி ஓவியங்கள் சிறிய அளவில் அச்சாகியிருக்கும். விற்பனைக்கு வரும் ஒரு சுவரொட்டியின் வடிவமைப்பு அக்காலத்து விளம்பரம் எதிலும் காணப்படவில்லை என்பதாலேயே அது போலியாகிவிடாது; ஆனால் காணப்படுமானால் ஒரு பெரிய ஐயம் தீரும்.

தமிழர்களாகிய நாம் சேகரிக்கப் புறப்படும்போது இந்திய மௌனப்படங்களின் சுவரொட்டி வேண்டும் என்று மனம் விரும்புவது இயல்பு. எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் இதில் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' 1913 மே 3ஆம் நாள் பம்பாயின் கொரோனேஷன் அரங்கில் திரையிடப்பட்டபோது வெளியான விளம்பரம், எழுத்துகளால் மட்டும் ஆனது. அதன் 'அசல் வண்ணச் சுவரொட்டி' என்று யாராவது காட்டினால், அது பிற்காலத்தில் வரைந்தது என்றே கொள்ளுங்கள். ஓவியம் தீட்டிய சுவரொட்டியை இந்தியாவில் கொண்டுவந்தவர் என்று கோலாப்பூரின் பாபுராவ் பெயின்டரைச் சொல்வது வழக்கம். அவருடைய மகாராஷ்டிரா ஃபிலிம் கம்பெனி எடுத்து 1924இல் வந்த 'கல்யாண் கஜினா'வின் சுவரொட்டியே எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழைய இந்தியப் பட ஓவியச் சுவரொட்டி என்று கருதப்படுகிறது. தெற்கில் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' படத்தின் ஒரு சுருள்கூட எஞ்சவில்லை. இந்தியாவில் 1,300க்கும் மேற்பட்ட மௌனப்படங்கள் எடுக்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருப்பவை மிகச் சிலவே. ஓரளவு கிடைக்கக்கூடியவை, ஹிமான்சு ராயும் ஜெர்மானியரான ஃபிரான்ஸ் ஆஸ்டனும் சேர்ந்து எடுத்த 'பிரேம் சன்யாஸ்' (1925), 'ஷிராஸ்' (1928), 'பிரபஞ்ச பாஷ்' (1929) ஆகியவை தொடர்பான ஐரோப்பிய விளம்பரத் தாள்கள். ஐரோப்பாவிலும் திரையிடப்பட்டதால் அவற்றுக்கு அங்கே நிகழ்ச்சித் தாள்களும் இதழ்ப் பக்கங்களும் அச்சாயின. இந்திய மௌனப்படங்களின் மீது அன்புள்ளவர் தொடங்க வேண்டிய இடம் அதுவென்று நினைக்கிறேன்.

பொதுவாகத் தொடங்குபவருக்கு என் யோசனை, பெரிய பெயர்களை விட்டு விலகுங்கள் என்பதே. சாப்ளின், வாலண்டினோ, லான் சானி ஆகிய நடிகர்களின் பெயர்கள் இருக்கும் இடத்தில் பணமும் போலியும் சேர்ந்தே வருகின்றன. பெயர் மறைந்துபோன நடிகர்களின் படங்களுக்குரிய லாபி கார்டுகள், 'ஹெரால்டு' எனப்படும் சிறு விளம்பரத் தாள்கள், அடுத்த வாரம் வரும் படத்தை அறிவிக்கத் திரையில் காட்டிய வண்ணக் கண்ணாடிச் சிலைடுகள் ஆகியவை நடுத்தரக் குடும்பத்தின் வருவாய்க்குள் வாங்கக்கூடியவை. அவற்றைப் போலியாகச் செய்வதில் யாருக்கும் ஆதாயமில்லை என்பதால் ஓரளவு பாதுகாப்பானவையும்கூட. கண்ணாடிச் சிலைடுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. அமெரிக்க அளவில் 3¼க்கு 4 அங்குலமே உள்ள அந்தச் சில்லில், தொலைந்துபோன ஒரு படத்தின் வண்ண முகப்பு ஒளி ஊடுருவ முழுமையாக நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது அஞ்சல் செலவோடு 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியையும் கணக்கில் வையுங்கள். விற்பவரிடம் பின்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். பின்பக்கத்தைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

டர்பனில் இருப்பவர்களுக்கு வாங்குவதைவிடக் கடினம் காப்பது. நம் கடற்கரைக் கோடையில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை எட்டுவது வழக்கம். 65 விழுக்காட்டைத் தாண்டினாலே காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தாளுக்கு ஏற்றது 35 முதல் 50 விழுக்காடு. வீட்டில் அதைச் சரியாகக் கட்டுப்படுத்துவது எல்லோராலும் இயலாது. ஆனால் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியையும் தகரப் பெட்டியையும் தவிர்ப்பது எவராலும் இயலும். தகரம் வியர்த்துத் துருப்பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்கு பயந்து அந்துருண்டையைத் தாளோடு சேர்த்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள், அதன் ஆவி தாளுக்கும் மனிதருக்கும் நல்லதன்று. அமிலமற்ற அட்டை உறைக்குள் தட்டையாக வைத்து, அலமாரியை மாதம் ஒருமுறை திறந்து பார்த்துத் துடைப்பதே சிறந்த பூச்சிக் காப்பு. வெளிப்படையாகத் தெரிய வேண்டுமானால் பாலியெஸ்டர் உறை சரி, மலிவான பி.வி.சி. உறை காலப்போக்கில் தாளைக் கெடுக்கும். சுவரில் மாட்ட விரும்பினால் நல்ல நகலை மாட்டுங்கள். ஒளியால் போன வண்ணம் திரும்பாது.

நோட்டீசுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்க முயல வேண்டாம். 2011இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 1930ஐ ஒட்டிய பேசும்படங்களின் சுவரொட்டிகள் 33 ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவர்த்தாள் பசையால் ஒட்டிய கட்டாகக் கிடைத்தன. பொறுமையாக நீராவி கொடுத்துப் பிரித்து எடுத்த பிறகு அவை 2012இல் ஏறத்தாழ 5,00,000 டாலருக்கு விற்றன. அந்த வேலையைப் பயிற்சி பெற்றவர் செய்ததால்தான் அது நடந்தது. செல்லோடேப், ஃபெவிகால், சூடேற்றி ஒட்டும் லேமினேஷன் ஆகிய மூன்றும் தாளுக்கு எமன்கள். லேமினேஷன் செய்த அசலை மீட்பது பெரும்பாலும் இயலாத காரியம். கிழிசலைச் சேர்க்க வேண்டியிருந்தால், தண்ணீரில் மறுபடியும் கரையக்கூடிய கோதுமை மாப்பசையும் ஜப்பானிய மெல்லிய தாளுமே முறை. சுவரொட்டியைத் துணியில் ஒட்டி, விட்டுப்போன இடங்களில் வண்ணம் தீட்டிப் புதிதுபோல் ஆக்குவது சந்தையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம்தான். துணியில் ஒட்டுவதுவரை எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இல்லாத முகத்தையும் எழுத்தையும் புதிதாகத் தீட்டுவதை நான் ஏற்பதில்லை. படமே அழிந்துவிட்ட நிலையில் எஞ்சியிருக்கும் ஒரே சாட்சியின் வாயில் நாம் சொற்களைப் போடக் கூடாது.

பெட்டியில் படச்சுருள் துண்டு ஏதேனும் கண்ணில் பட்டால் அதைத் தனியே எடுத்து, அடுப்பிலிருந்தும் வெயிலிலிருந்தும் தள்ளி வையுங்கள். அக்காலச் சுருள் நைட்ரேட்டால் ஆனது, எளிதில் தீப்பற்றும், பற்றினால் அணையாது. அதைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் பிரிட்டோரியாவில் உள்ள தேசியத் திரைப்பட, காணொளி, ஒலி ஆவணக் காப்பகம்.

வெளிநாட்டு ஏலக்காரர் ஒருவர் நோட்டீசுகளை அனுப்பச் சொன்னாலும் உடனே அனுப்பிவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி, பட்டியலிடப்பட்ட வகைகளைச் சேர்ந்த பழைய பொருள்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லத் தென்னாப்பிரிக்க மரபுவள முகமையின் அனுமதி வேண்டும். உங்களுடையவை அந்தப் பட்டியலில் வருமா என்பதை அவர்களிடமே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்து நீங்கள் செய்யக்கூடியது இது. பெட்டியில் எது எதன்மேல் இருந்தது என்பதை, எதையும் வரிசை மாற்றாமல், மேலிருந்து கீழாகப் படம் எடுங்கள். சாப்ளின் சுவரொட்டி எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது என்றால், தாத்தாவோ அப்பாவோ பிற்காலத்தில் வாங்கி வைத்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று. வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் கொள்ளுத்தாத்தா எந்தக் கொட்டகையில், என்ன வேலை பார்த்தார் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். தாள்களின்மேல் எதுவும் எழுத வேண்டாம். பிறகு ஒவ்வொரு வகையிலும் ஒரு தாளுக்கு முன்பக்கம், பின்பக்கம், அடியோரம் ஆகியவற்றின் படங்களையும், உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே தலைப்பு எழுத்து ஒன்றின் விளிம்பைக் கைப்பேசியால் எடுத்த படத்தையும் இங்கே பதிவிடுங்கள். அச்சு எம்முறையைச் சேர்ந்தது என்பதை அந்தக் கடைசிப் படத்தைக் கொண்டு என்னால் பெரும்பாலும் சொல்ல முடியும். தாளின் வயதை உறுதிசெய்ய மட்டும் யாராவது அதை நேரில் கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.